ஒரு பூட்டின் பணி ஓய்வு

அலுவலகத்தில் ஒருவர் கடிதம் எழுதுகிறார். ஒரு காலத்தில் அதன் நகல் அவருடைய மேசை இழுப்பறையிலோ இரும்பு அலமாரியிலோ இருக்கும். பின்னர் மேசைமேல் இருந்த கணிப்பொறியில் குடியேறியது. இன்றோ பல அலுவலகங்களில் அந்தக் கடிதம் அவர் கைதொடும் கணிப்பொறியில்கூட இருப்பதில்லை. எங்கோ தொலைவில், குளிரூட்டப்பட்ட பெருங்கட்டடம் ஒன்றில், ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளுக்கு நடுவே இருக்கிறது. கடிதம், கணக்குப் பதிவேடு, மின்னஞ்சல், நாட்காட்டி அனைத்தையும் இவ்வாறு வாடகைக்கு வைத்துப் பயன்படுத்தும் ஏற்பாட்டையே 'மேகக் கணிப்பு' என்கிறார்கள். வானத்து மேகத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்று பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டியதில்லை, அவ்வளவே.

கடிதம் மேசையிலிருந்து அந்தக் கட்டடத்துக்குப் போகும் வழியில் பிறருடைய கம்பிகளையும் பிறருடைய கருவிகளையும் கடக்க வேண்டும். வழியில் எவர் வேண்டுமானாலும் காது கொடுத்துக் கேட்கலாம். ஆகவே கடிதத்தைச் சங்கேதமாக மாற்றி அனுப்புகிறார்கள். சாவியை வைத்திருப்பவருக்கு மட்டும் அது மீண்டும் கடிதமாகும்; மற்றவர்க்கு வெறும் எண்குப்பை.

இந்தச் சங்கேத முறைகளுக்கும் முதுமை உண்டு. 2019-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் 'ஆபீஸ் 365' சேவையில் 'மும்மடி டி.இ.எஸ்.' என்னும் சங்கேத முறைக்குக் கதவை அடைத்தது. அடுத்து 2020 அக்டோபர் 15-ஆம் நாள் முதல் டி.எல்.எஸ். 1.0, டி.எல்.எஸ். 1.1 என்னும் இரு பழைய உடன்பாடுகளை அகற்றத் தொடங்கியது. இரண்டுமே அப்போது வயது முதிர்ந்தவை. முதலாவதன் வேர் 1970-களில் இருக்கிறது. குறையுள்ளது என்று நிபுணர்கள் சொல்லிவிட்ட ஒரு பூட்டை மாற்ற ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? இக்கேள்விக்கு விடை காண நாம் கணிப்பொறிகள் ஓர் அறை முழுவதையும் அடைத்துக் கொண்டிருந்த காலத்துக்குச் செல்ல வேண்டும்.

லூசிபர் பிறந்த கதை

1960-களின் பிற்பகுதியில் வங்கிகள் கணிப்பொறியையும் தொலைபேசிக் கம்பியையும் இணைக்கத் தொடங்கின. அதுவரை சங்கேதக் கலை படைத்துறைக்கும் தூதரகங்களுக்கும் உரிய தனிச் சொத்தாக இருந்தது. வணிகர்களுக்கு அது தேவைப்படும் என்று எவரும் பெரிதாக எண்ணவில்லை. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹோர்ஸ்ட் பைஸ்டல் அவ்வாறு எண்ணிய சிலருள் ஒருவர். 1915-இல் பெர்லினில் பிறந்து, 1934-இல் அமெரிக்கா சென்றவர் அவர். அவருடைய குழு உருவாக்கிய முறைக்கு 'லூசிபர்' என்று பெயர். முதலில் 'செயல்விளக்கம்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லைச் சுருக்கியபோது அது 'பேய்' என்னும் சொல்லாகிவிட, பேயிலிருந்து சாத்தானின் பெயருக்குத் தாவினார்கள் என்று சொல்லப்படுகிறது. விஞ்ஞானிகளின் நகைச்சுவை இப்படித்தான் இருக்கும்!

பைஸ்டலின் கருத்து எளிமையானது, ஆனால் ஆழமானது. செய்தியை ஒரே அளவுள்ள துண்டங்களாக வெட்டுக. ஒவ்வொரு துண்டத்தையும் இடம், வலம் என இரு பாதியாக்குக. வலப் பாதியைச் சாவியோடு சேர்த்துக் குழப்பி, அதனை இடப் பாதியுடன் கலக்குக. பின் இரு பாதிகளையும் இடம் மாற்றுக. இதையே பல சுற்றுகள் செய்க. இதில் ஒரு விந்தை உண்டு. நடுவில் செய்யும் குழப்பம் எவ்வளவு சிக்கலானதாயினும், சாவியின் பகுதிகளைத் தலைகீழ் வரிசையில் கொடுத்தால் அதே பொறி செய்தியை அவிழ்த்துக் கொடுத்துவிடும். பூட்டவும் திறக்கவும் தனித்தனிக் கருவி வேண்டியதில்லை. மின்னணுச் சில்லுகள் விலை மிகுந்திருந்த அந்நாளில் இது சிறிய இலாபம் அன்று.

1973 மே மாதத்தில் அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணயக் கழகம் (பின்னாளில் 'நிஸ்ட்' எனப் பெயர் மாறிய அதே நிறுவனம்) பொதுமக்கள் பயன்படுத்தத்தக்க சங்கேத முறை ஒன்று வேண்டும் என்று அறிவித்தது. தகுதியான ஒன்றும் வரவில்லை. 1974 ஆகஸ்டில் மறுபடியும் அறிவித்தது. இம்முறை ஐ.பி.எம். லூசிபரின் வழிவந்த ஒரு முறையை அளித்தது. அது 1975-இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 1977 ஜனவரியில் அரசுத் தரமாக வெளியாயிற்று. அதுவே டி.இ.எஸ். என்னும் 'தரவுச் சங்கேதத் தரம்'.

சாவி ஏன் சுருங்கியது?

லூசிபரின் சாவி 128 பிட் நீளம் கொண்டது. டி.இ.எஸ்.-இன் சாவியோ 56 பிட். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம் என்பதை மாணவர்கள் அறிவார்கள். ஒரு பிட் கூடினால் சாவிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். 56 பிட்டுக்கு 72,057,594,037,927,936 சாவிகள். அதாவது ஏறத்தாழ 720 கோடி கோடி. விநாடிக்கு ஒரு சாவி வீதம் சோதித்தால் எல்லாவற்றையும் சோதிக்க 228 கோடி ஆண்டுகள் ஆகும். கேட்பதற்கு இது போதும் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் விநாடிக்கு ஒன்று என்று கணிப்பொறி சோம்பி உட்கார்ந்திருக்குமா?

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விட்பீல்டு டிபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் 1977-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினர். மைக்ரோ விநாடிக்கு ஒரு சாவியைச் சோதிக்கும் சில்லு ஒன்றைச் செய்யலாம். அத்தகைய 10 லட்சம் சில்லுகளை ஒன்றாக அடுக்கலாம். அப்பொறி எல்லாச் சாவிகளையும் ஒரே நாளுக்குள் சோதித்துவிடும். அதற்கு 2 கோடி டாலர் ஆகும் என்றனர். கணக்கை நாமே சரிபார்க்கலாம். 10 லட்சம் சில்லுகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 10 லட்சம் சாவிகள். ஆக விநாடிக்கு ஒரு லட்சம் கோடி. 720 கோடி கோடியை அதனால் வகுத்தால் சுமார் 72,000 விநாடி. அதாவது 20 மணி நேரம். தனி ஆள் செய்யக்கூடியதன்று; ஆனால் ஓர் அரசுக்கு 2 கோடி டாலர் ஒரு பொருட்டா?

சந்தேகம் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின்மேல் விழுந்தது. சாவியைச் சுருக்கியது அதுதான் என்றனர். மேலும், டி.இ.எஸ்.-இன் நடுவே 'எஸ்-பெட்டிகள்' என்னும் எட்டு மாற்று அட்டவணைகள் உண்டு. அவற்றில் உள்ள எண்களை எந்த விதிப்படி தேர்ந்தெடுத்தார்கள் என்று வெளியிடவில்லை. அதற்குள் ஒரு கள்ளக் கதவு இருக்குமோ என்று பலர் அஞ்சினர். 1978-இல் அமெரிக்க மேலவையின் குழு ஒன்று விசாரித்து, குறைந்த நீளச் சாவி போதுமென ஐ.பி.எம்.-ஐ இணங்க வைத்தது முகமைதான், ஆனால் முறையை அது கெடுக்கவில்லை என்று கூறியது.

எஸ்-பெட்டிகளின் புதிர் அவிழ மேலும் 12 ஆண்டுகள் ஆயின. 1990-இல் இஸ்ரேலைச் சேர்ந்த எலி பிகாம், அடி ஷமீர் ஆகியோர் 'வேறுபாட்டுப் பகுப்பாய்வு' என்னும் புதிய தாக்குதல் முறையை வெளியிட்டனர். அதைக் கொண்டு அக்காலத்துச் சங்கேத முறைகள் பலவற்றை உடைக்க முடிந்தது. டி.இ.எஸ். மட்டும் வியக்கத்தக்க வகையில் தாக்குப்பிடித்தது. 1994-இல் ஐ.பி.எம்.-இன் டான் காப்பர்ஸ்மித் உண்மையை வெளியிட்டார். அந்தத் தாக்குதல் 1974-லேயே அவர்களுக்குத் தெரியும். அதைத் தடுப்பதற்காகவே எஸ்-பெட்டிகளை அவ்வாறு அமைத்தார்கள். முகமை கேட்டுக் கொண்டதால் வாய் திறக்கவில்லை! ஆக, இருட்டில் செய்த வேலைகளுள் ஒன்று பூட்டின் உள்பொறியை உறுதியாக்கியது; மற்றொன்று சாவியைக் குட்டையாக்கியது. எதிர்த்தவர்கள் எஸ்-பெட்டி பற்றிக் கொண்ட ஐயம் பொய்த்தது. சாவியைப் பற்றிச் சொன்னது மெய்த்தது என்பதே நேர்மையான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்வது என்பது விதி. 1983-இல் டி.இ.எஸ். நீட்டிக்கப்பட்டது. 1988-லும் நீட்டிக்கப்பட்டது. 1993-லும் அப்படியே. அதற்குள் அது உலகெங்கும் வங்கிகளின் வயிற்றுக்குள் போய்விட்டது.

உடைந்த நாள்

1997-இல் ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் டி.இ.எஸ்.-ஆல் பூட்டிய செய்தி ஒன்றை வெளியிட்டு, திறப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. இணையத்தின் வழியே ஒன்றுகூடிய தன்னார்வலர்கள், தங்கள் கணிப்பொறிகள் சும்மா இருக்கும் நேரத்தையெல்லாம் ஒன்றுதிரட்டி, ஜூன் மாதத்தில் சாவியைக் கண்டுபிடித்தனர். 1998 பிப்ரவரியில் இரண்டாம் போட்டிக்கு 39 நாட்களே பிடித்தன. அதே ஆண்டு ஜூலையில், மின்னணு எல்லை அறக்கட்டளை என்னும் அமைப்பு, 2,50,000 டாலருக்கும் குறைந்த செலவில் தனிப்பொறி ஒன்றைச் செய்து காட்டியது. 1,800-க்கு மேற்பட்ட சில்லுகள் கொண்ட அப்பொறி விநாடிக்கு 9,000 கோடி சாவிகளைச் சோதித்தது. 56 மணி நேரத்தில் சாவி அகப்பட்டது. பூட்டியிருந்த செய்தி, 128, 192, 256 பிட் சாவிகளுக்குக் காலம் வந்துவிட்டது என்பதுதான். 1999 ஜனவரியில் அப்பொறியும் உலகெங்கும் இருந்த சுமார் ஒரு லட்சம் கணிப்பொறிகளும் கைகோத்தபோது 22 மணி 15 நிமிடத்தில் வேலை முடிந்தது. டிபியும் ஹெல்மனும் 20 ஆண்டுகளுக்கு முன் சொன்ன 2 கோடி டாலர் இரண்டரை லட்சமாக இறங்கிவிட்டது.

புதிய தரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பணியை நிஸ்ட் 1997-லேயே தொடங்கியிருந்தது. இம்முறை எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது. பல நாடுகளிலிருந்து வந்தவற்றுள் 15 முறைகள் போட்டியில் நின்றன. ஒருவர் முறையை மற்றவர் உடைக்க முயன்றனர். இறுதிச் சுற்றில் 5 மிஞ்சின. 2000 அக்டோபரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகியோரின் முறை வென்று, 2001 நவம்பரில் ஏ.இ.எஸ். என்னும் தரமாயிற்று. இன்று நம் கைப்பேசிகளிலும் வங்கிச் சேவைகளிலும் உழைப்பது பெரும்பாலும் இதுதான்.

மூன்று முறை பூட்டுதல்

புதியது வரும்வரை பழைய பொறிகளை என்ன செய்வது? வங்கிகள் கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய டி.இ.எஸ். கருவிகளைத் தூக்கி எறிய முடியுமா? ஐ.பி.எம்.-இன் வால்டர் டக்மன் 1970-களின் இறுதியிலேயே இதற்கு வழி சொல்லியிருந்தார். அதே பூட்டை மூன்று முறை பூட்டுக.

ஏன் மூன்று? இரண்டு போதாதா? இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. இரு சாவிகளால் இருமுறை பூட்டினால் 112 பிட் வலிமை வரும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் ஒரு செய்தியின் மூலமும் அதன் சங்கேதமும் திருடனுக்குத் தெரிந்திருப்பதாகக் கொள்வோம். அவன் மூலத்தை எல்லாச் சாவிகளாலும் ஒருமுறை பூட்டி விடைகளைப் பட்டியலிடுகிறான். பிறகு மறுமுனையில் இருக்கும் சங்கேதத்தை எல்லாச் சாவிகளாலும் ஒருமுறை திறந்து பார்க்கிறான். இரு பட்டியல்களிலும் பொதுவாக உள்ள விடை எங்கே இருக்கிறதோ அங்கே இரு சாவிகளும் அகப்படும். சுரங்கத்தை இரு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் சந்திப்பது போல. இதனால் உழைப்பு 56 பிட்டிலிருந்து 57 பிட்டுக்குத்தான் ஏறும். அதாவது இரண்டாம் பூட்டு கொடுத்த காசு ஏறக்குறைய வீண். மூன்று பூட்டுக்கு இதே தந்திரத்தைச் செய்தால் 112 பிட் உழைப்பு தேவை. அது இன்றும் கைக்கெட்டாதது.

மும்மடி டி.இ.எஸ்.-இல் மூன்று முறையும் பூட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் சாவியால் பூட்டி, இரண்டாவதால் 'திறந்து', மூன்றாவதால் மீண்டும் பூட்டுகிறார்கள். வேறு சாவியால் திறந்தால் செய்தி தெளியாது, இன்னும் குழம்பத்தான் செய்யும். ஆகவே பாதுகாப்பு குறையாது. இப்படிச் செய்ததற்குக் காரணம் வேறு. மூன்று சாவிகளையும் ஒன்றாகவே கொடுத்தால் முதல் இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மிஞ்சுவது சாதாரண டி.இ.எஸ். ஆகும். புதிய பொறி பழைய பொறியோடு பேச முடியும்! பழையவரையும் பந்தியில் உட்கார வைக்கும் இந்தத் தாராள மனமே பின்னர் வந்த தொல்லைகளுக்கெல்லாம் வித்து.

1999-இல் மும்மடி டி.இ.எஸ். தரமாக ஏற்கப்பட்டது. தனி டி.இ.எஸ். 2005 மே மாதத்தில் விலக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடாக வந்தது அதன்பின்னும் நீடித்தது. விண்டோஸ் எக்ஸ்.பி.-யில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஏ.இ.எஸ். தெரியாது. அதனிடம் ஓரளவு நம்பகமாக இருந்தது மும்மடி டி.இ.எஸ்.தான். அந்தக் கணிப்பொறி ஒன்று எங்கோ ஓர் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்வரை, உலகின் மறுகோடியில் உள்ள சேவை நிறுவனமும் பழைய சங்கேதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறந்தநாள் கணக்கு

சாவியைப் பெருக்கியும் ஒன்றை மறந்துவிட்டார்கள். துண்டத்தின் அளவு மாறவில்லை. டி.இ.எஸ். செய்தியை 64 பிட் துண்டங்களாக, அதாவது 8 எழுத்தளவாக வெட்டுகிறது. மூன்று முறை பூட்டினாலும் துண்டம் அதே 64 பிட்தான்.

இதில் என்ன கேடு? வகுப்பில் 23 மாணவர்கள் இருந்தால், அவர்களுள் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல். 365 நாட்களுக்கு 23 பேர் மிகக் குறைவாயிற்றே என்று வியக்கலாம். நாம் எண்ண வேண்டியது ஆட்களை அன்று, இணைகளை. 23 பேருக்கு 253 இணைகள் உண்டு. அதே கணக்கில், 64 பிட் துண்டங்கள் 429 கோடி அளவுக்குச் சேர்ந்தால், அவற்றுள் இரண்டு ஒன்றுபோல அமையும் வாய்ப்பு கணிசமாகிவிடும். 429 கோடி துண்டங்கள் என்பது 32 கிகாபைட்.

1977-இல் இந்த எண்ணைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். ஐ.பி.எம். 1975-இல் வெளியிட்ட 3350 என்னும் தட்டுக்கருவி, துணி துவைக்கும் இயந்திரத்தைப் போன்ற பருமன் கொண்டது, 317.5 மெகாபைட் மட்டுமே கொள்ளும். 32 கிகாபைட்டுக்கு அத்தகையவை நூற்றுக்கு மேல் வேண்டும். ஒரே சாவியைக் கொண்டு அவ்வளவையும் கம்பி வழியே அனுப்புவது யாருக்குக் கனவு? இன்று அது விரல் நகத்தளவு அட்டைக்குள் அடங்கும்.

இணையத்தில் டி.இ.எஸ். வகை முறைகளைச் சங்கிலியாகப் பயன்படுத்தினர். ஒவ்வொரு துண்டத்தையும் பூட்டுவதற்கு முன், அதற்கு முந்தைய சங்கேதத் துண்டத்துடன் கலப்பார்கள். இரு சங்கேதத் துண்டங்கள் ஒன்றுபோல வந்துவிட்டால், பூட்டுவதற்கு முன் இருந்த இரு கலவைகளும் ஒன்றே என்று பொருள். கலவையில் சேர்ந்த முந்தைய சங்கேதத் துண்டங்களோ கம்பியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. அவற்றை நீக்கினால் இரு மூலத் துண்டங்களுக்கும் உள்ள உறவு வெளிப்படுகிறது. ஒன்று ஏற்கெனவே தெரிந்ததாயின் மற்றொன்று தானே வந்து விழும். சாவியைத் தொடவே வேண்டியதில்லை!

2016 ஆகஸ்டில் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் பார்கவன், கெய்டன் லெரன் ஆகிய இருவரும் இதனைச் செய்து காட்டினர். இணைய உலாவியை ஒரே கோரிக்கையை ஓயாமல் அனுப்பத் தூண்டி, 785 கிகாபைட் சங்கேதத்தைச் சேகரித்து, இரண்டு நாட்களுக்குள் ஒருவருடைய நுழைவு அடையாளத்தை மீட்டெடுத்தனர். அடையாளம் கிடைத்தால் கடவுச்சொல் இன்றியே அவருடைய கணக்கில் நுழையலாம். 'ஸ்வீட்32' என்று பெயர் பெற்ற இந்த ஆய்வு, அப்போதும் பாதுகாப்பான இணையப் போக்குவரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மும்மடி டி.இ.எஸ்.-ஐப் பயன்படுத்துவதாகக் கணித்தது. அடுத்த ஆண்டில் நிஸ்ட், ஒரே சாவித் தொகுதியால் 8 மெகாபைட்டுக்கு மேல் பூட்டக் கூடாது என்று கடிவாளமிட்டது. 2023-ஆம் ஆண்டின் இறுதியோடு புதிதாகப் பூட்டும் பணிக்கு அதனை முற்றிலும் தடை செய்தது. ஏ.இ.எஸ்.-இன் துண்டம் 128 பிட் ஆதலால் அதற்கு இதே ஆபத்து நெருங்க ஏறத்தாழ 29,500 கோடி கிகாபைட் வேண்டும்.

பயன்படாத கதவு

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: புதிய கணிப்பொறி உள்ளவர் ஏ.இ.எஸ்.-ஐப் பயன்படுத்தட்டும், பழையது உள்ளவர் பழையதையே பயன்படுத்தட்டும். இதில் புதியவருக்கு என்ன நட்டம்?

நட்டம் உண்டு. இரு கணிப்பொறிகள் பேசத் தொடங்குமுன் ஒரு 'கைகுலுக்கல்' நடக்கிறது. எனக்கு இன்னின்ன முறைகள் தெரியும் என்று ஒன்று சொல்ல, அவற்றுள் ஒன்றை மற்றது தேர்ந்தெடுக்கிறது. இந்தக் கைகுலுக்கலின் விதித்தொகுப்பே டி.எல்.எஸ். நெட்ஸ்கேப் நிறுவனம் 1990-களின் நடுவில் உருவாக்கிய எஸ்.எஸ்.எல். அதன் முன்னோர். டி.எல்.எஸ். 1.0 1999-இலும், 1.1 2006-இலும், 1.2 2008-இலும், 1.3 2018-இலும் வந்தன. நடுவே நிற்கும் திருடன் கைகுலுக்கலில் குறுக்கிட்டு, இருவரும் நல்ல முறையை அறிந்திருந்தும் மட்டமான முறைக்கு இறங்குமாறு செய்ய முடிந்த சந்தர்ப்பங்கள் உண்டு. 2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'பூடில்' என்னும் தாக்குதல், 18 வயதான எஸ்.எஸ்.எல். 3.0-க்கு உரையாடலை இறக்கியது.

இன்னும் வருந்தத்தக்கது 2015-இல் வெளிவந்த 'பிரீக்', 'லாக்ஜாம்' ஆகியவற்றின் கதை. 1990-களில் அமெரிக்கா வலுவான சங்கேத முறைகளை ஏற்றுமதி செய்யத் தடை விதித்திருந்தது. அயல்நாட்டாருக்கு என்றே வேண்டுமென்றே வலிமை குறைத்த முறைகளைச் செய்து விற்றார்கள். தடை தளர்ந்தது, முறைகள் வழக்கொழிந்தன, ஆனால் வழங்கிக் கணிப்பொறிகளின் பட்டியலிலிருந்து எவரும் அவற்றை நீக்கவில்லை. 15 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் அந்தத் துருப்பிடித்த கதவைத் தள்ளிப் பார்த்தனர், திறந்துகொண்டது. அமெரிக்க அரசுத் தளங்கள் சிலவும் அவ்வாறு திறந்தவற்றுள் அடங்கும்! ஆதலால்தான் பழைய முறையைப் பயன்படுத்தாமல் விட்டால் மட்டும் போதாது, பிடுங்கி எறிய வேண்டும் என்கிறார்கள்.

நாள் குறிப்பதும் தள்ளிப் போவதும்

பிடுங்குவது எளிதன்று. ஆபீஸ் 365 சேவையில் டி.எல்.எஸ். 1.2 கட்டாயம் என்று மைக்ரோசாப்ட் முதலில் குறித்த நாள் 2018 மார்ச் 1. அது 2018 அக்டோபர் 31-க்குத் தள்ளிப் போயிற்று. அன்றும் கதவு மூடவில்லை. பழைய முறையால் வரும் கோளாறுகளுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பதோடு நின்றது. பிறகு 2020 ஜூன் 1 என்றார்கள். கொரோனாத் தொற்றின் காரணமாக அதுவும் அக்டோபர் 15 ஆயிற்று. பண அட்டைத் துறையின் பாதுகாப்புக் குழுவும் தன் கெடுவை 2016 ஜூன் மாதத்திலிருந்து 2018 ஜூன் மாதத்துக்கு நகர்த்தியது.

யாருக்காக இந்தத் தாமதம்? புதிய கணிப்பொறி வாங்கக்கூடியவருக்காக அன்று. ஆண்டிராய்டு 4.3-உம் அதற்கு முந்தையவையும் கொண்ட கைப்பேசிகள் டி.எல்.எஸ். 1.2-இல் தாமாகப் பேசுவதில்லை. விண்டோஸ் 7-க்கு அது தெரியும். ஆனால் பல பயன்பாடுகளுக்கு அதை இயல்பாக இயக்கத் தனி இணைப்பும் அமைப்பு மாற்றமும் தேவை. இவற்றைவிடத் தொல்லை தருவது அலுவலக மூலையில் நிற்கும் நகலெடுக்கும் இயந்திரம். காகிதத்தைப் படமெடுத்து நேரே மின்னஞ்சலில் அனுப்பும் அந்த இயந்திரத்தின் உள்ளேயும் ஒரு கணிப்பொறி உண்டு என்று யாருக்கும் நினைவிருக்காது. அதைச் செய்தவர் புதிய மென்பொருள் தரவில்லையென்றால், நல்ல நிலையில் ஓடும் இயந்திரம் ஒரு காலை திடீரென்று அஞ்சல் அனுப்ப மறுக்கும். பிழைச் செய்தியில் 'இணைப்புத் தோல்வி' என்று மட்டும் இருக்கும். சிறிய மருத்துவமனையில் ஆய்வுக்கூட அறிக்கை மருத்துவரைச் சேராது, காரணமும் விளங்காது. சம்பளக் கணக்கு எழுதும் பழைய மென்பொருளில், இன்ன உடன்பாட்டில்தான் பேச வேண்டும் என்று எழுதியவர் நிலையாகப் பொறித்துவிட்டுப் போயிருப்பார். அவர் வேறு வேலைக்குச் சென்று பத்தாண்டு ஆகியிருக்கும்.

ஆகவே ஓய்வுக்குத் தயாராவது என்பதில் பெரும் பங்கு கணக்கெடுப்பே. எந்தக் கருவி எந்த முறையில் பேசுகிறது என்று வழங்கிகளின் பதிவேட்டிலிருந்து பட்டியல் எடுக்க வேண்டும். மைக்ரோசாப்ட் தன் வாடிக்கையாளர்களுக்கு அத்தகைய அறிக்கையைத் தந்தது. பட்டியலில் வந்தவற்றுள் புதுப்பிக்கக்கூடியவற்றைப் புதுப்பித்து, மற்றவற்றை மாற்றி, அல்லது நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் போல வேறொரு கணிப்பொறியை அமர்த்தி, அதன்பின் கதவை மூடுவது முறை. நிரல் எழுதுவோர் கூடும் கிட்ஹப் நிறுவனம் 2018 பிப்ரவரியில் நல்ல உபாயம் ஒன்றைக் கையாண்டது. 8-ஆம் நாள் ஒரு மணி நேரம் மட்டும் பழைய முறைகளை நிறுத்திப் பார்த்தது. யாருக்குக் கை சுட்டதோ அவர் விழித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து நிரந்தரமாக மூடியது. பத்து முறை சுற்றறிக்கை அனுப்புவதைவிட இது மேலானது என்பது என் எண்ணம்.

கதவை மூடுவதில் மறுபக்கமும் உண்டு. 2018-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா ஆகிய நான்கும், 2020-இன் முற்பகுதியில் தங்கள் உலாவிகளிலிருந்து டி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டையும் நீக்குவதாக ஒரே குரலில் அறிவித்தன. சொன்னபடி 2020 மார்ச்சில் பயர்பாக்ஸ் 74-ஆம் பதிப்பில் மொசில்லா நீக்கியும் விட்டது. கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த மாதம் அது. தொற்றுச் செய்திகளை வெளியிட்ட அரசுத் தளங்கள் சில பழைய முறையை விட்டால் வேறு அறியாதவை. பாதுகாப்பான உலாவி வைத்திருந்த குடிமகனுக்கு அந்தப் பக்கம் திறக்கவில்லை. மொசில்லா சில நாட்களில் பழைய முறையை மீண்டும் அனுமதித்தது. சில மாதம் கழித்தே நீக்கியது. இதைக் கோழைத்தனம் என்று சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. செய்தியை ஒட்டுக் கேட்பார்கள் என்னும் அச்சத்தைவிட, செய்தியே கிடைக்காமற் போவது அந்த மாதத்தில் பெரிய கேடு.

இணையத் தரங்களை வகுக்கும் குழு 2021 மார்ச்சில் டி.எல்.எஸ். 1.0, 1.1 இரண்டையும் முறைப்படி வழக்கிழந்தவை என்று அறிவித்தது. அதற்குப் பின்னும் மைக்ரோசாப்ட், அஞ்சல் அனுப்பும் பழைய கருவிகளுக்கென்று தனி வாசல் ஒன்றை அமைத்தது. வாடிக்கையாளர் தாமே விரும்பிக் கேட்டால்தான் அது திறக்கும். பொதுவாயிலில் பூட்டுப் புதிது. நகலெடுக்கும் இயந்திரங்களுக்குத் திண்ணைப்பக்கம் ஒரு திட்டிவாசல்.

அடுத்த ஓய்வுக்கும் நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சாவிகளைப் பரிமாறிக்கொள்ள இன்று உதவும் ஆர்.எஸ்.ஏ. போன்ற முறைகளைப் போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணிப்பொறி உடைத்துவிடும். அத்தகைய பொறி இன்னும் செய்யப்படவில்லை. எனினும் நிஸ்ட் 2024 ஆகஸ்டில் அதனைத் தாங்கும் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட வரைவில், பழையவற்றை 2030-க்குப் பின் தவிர்க்கவும் 2035-க்குப் பின் தடுக்கவும் நாள் குறித்தது. இம்முறை ஒரு வேறுபாடு இருக்கிறது. மும்மடி டி.இ.எஸ்.-ஐ ஒருவர் தாமதமாக நீக்கினால் நீக்கும் நாள்வரைதான் ஆபத்து என்று பலர் எண்ணி இருந்தனர். ஆனால் கம்பியில் போகும் சங்கேதத்தை இன்றே படியெடுத்து வைத்துக்கொண்டு, குவாண்டம் பொறி வந்த பிறகு சாவகாசமாகத் திறந்து படிக்கலாம். ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு அவர் வாழ்நாள் முழுதும் இரகசியமாக இருக்க வேண்டியது. அதை இன்று மாலை மேகத்துக்கு அனுப்பும் மருத்துவமனைக்கு, 2035 என்பது கெடுநாள் அன்று. கெடு முன்பே தொடங்கிவிட்டது.